குழம்பைக் குறைப்பதா, சோற்றைக் குறைப்பதா?

ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் வீட்டில் முதல் தண்டனை குருமாவுக்குத்தான். தேங்காய் வேண்டாம், முந்திரி வேண்டாம், மேலே எண்ணெய் மிதக்கவே கூடாது என்று ஆளுக்கொரு தடை வரும். கொஞ்ச நாளில் குருமா வெறும் மஞ்சள் தண்ணீராகிவிடும். அதை ஊற்றிப் பிசையத் தட்டில் குவிந்திருக்கிற சோற்றைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இந்த வழக்கில் தப்பான ஆளுக்குத் தண்டனை கொடுத்துவிட்டார்கள் என்பது என் கட்சி. கெட்டியான, மணமான குழம்பும் வேண்டும், சர்க்கரையும் எகிறக் கூடாது என்பவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. குழம்பை அப்படியே வைத்துச் சோற்றைக் குறைக்கலாம். சோற்றை அப்படியே வைத்துக் குழம்பை இளைக்க வைக்கலாம். சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, சிறுதானியம் என்று மாறலாம். அல்லது எதையும் மாற்றாமல், சாப்பிடும் வரிசையையும் சாப்பிட்ட பிறகு செய்வதையும் மட்டும் மாற்றலாம். நான்குக்கும் பலன் உண்டு. ஆனால் ஒரே அளவு பலன் இல்லை.

முதலில் கணக்கு

சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மாவுச்சத்து. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் அது ஏறக்குறைய 28 கிராம். நல்ல பசியில் ஒரு தட்டில் 300 கிராம் சோறு விழுவது பெரிய விஷயமில்லை. அப்படியானால் சோற்றிலிருந்து மட்டும் 84 கிராம்.

இப்போது ஓர் ஆள் சாப்பிடும் கோழிக் குருமாவைப் பிரித்துப் பார்ப்போம். கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லியில் மாவுச்சத்து 3 முதல் 5 கிராம். பத்து முந்திரி, அதாவது சுமார் 15 கிராம் எடை, அதில் 5 கிராம் இருக்கும். அரை வெங்காயத்துக்கு 4 அல்லது 5, ஒரு சின்னத் தக்காளிக்கு 2 அல்லது 3. கோழியில் ஒன்றுமே இல்லை. தாராளமாகக் கூட்டினாலும் 18 கிராமைத் தாண்டாது. தேங்காயையும் முந்திரியையும் மொத்தமாக எடுத்துவிட்டால் நமக்கு மிச்சமாவது அதிகபட்சம் 10 கிராம். 100 கிராம் சோற்றைக் குறைத்தால் 28 கிராம் மிச்சம். எதைத் தொட்டால் எவ்வளவு கிடைக்கும் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆனால் இத்தோடு முடித்தால் அரைகுறைக் கணக்கு. செறிவான குழம்பில் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பு இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கும். அதனால் சோறும் மெதுவாகத்தான் குடலுக்குப் போகும், சர்க்கரையும் மெதுவாகத்தான் ஏறும். கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஏற்றம் தள்ளிப்போகிறதே தவிர ஒழிந்துபோவதில்லை. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு சில மணி நேரம் இன்சுலின் வேலை செய்யும் திறனும் கொஞ்சம் மந்தமாகும். ஆகவே வழக்கம்போல இரண்டு மணி நேரத்தில் விரலைக் குத்திப் பார்த்து "பரவாயில்லையே" என்று நிம்மதியாகப் படுத்தவருக்கு, நான்காவது மணி நேரத்தில் அளவு அதற்கு மேல் நிற்கலாம். இரவுச் சாப்பாடு என்றால் அது காலை வெறும் வயிற்று அளவிலும் எட்டிப்பார்க்கும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்த தலைவலி.

குழம்பை வைத்துக்கொண்டு சோற்றைக் குறைப்பது

என் ஓட்டு இதற்குத்தான். 300 கிராம் சோற்றை 120 ஆக்கினால் மாவுச்சத்து 84-லிருந்து 34-க்கு வந்துவிடும். குழம்பில் இருக்கும் கோழியோ மீனோ பனீரோ வயிற்றை நிரப்பும். கொழுப்பு பசியைத் தள்ளிப்போடும். ருசியில் எதையும் இழக்கவில்லை. "இனிமேல் வாழ்நாள் முழுக்க இப்படித்தானா" என்ற சலிப்பு வராமல் தொடர முடிகிற வழி இது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பத்தியம் என்று ஆரம்பிக்கிற எதுவும் பண்டிகை வரைக்கும்தான் தாங்கும்.

ஆனால் பலர் இதை முயன்றுவிட்டு, "சோறு குறைவாக இருந்தால் இறங்கவே மாட்டேன் என்கிறது" என்று கைவிடுகிறார்கள். காரணம் மனவுறுதிக் குறைவு இல்லை, உப்பு. நம் குழம்பு எதுவுமே தனியாகச் சாப்பிடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரு கரண்டி குழம்பு மூன்று கரண்டி சோற்றோடு கலந்தால் நாக்குக்குச் சரியாக இருக்கும்படிதான் உப்பு, புளி, காரம் எல்லாம் போடுகிறோம். சோற்றைப் பாதியாக்கிவிட்டுக் குழம்பை மட்டும் பழைய அளவில் சமைத்தால் ஒவ்வொரு வாயும் உறைப்பும் கரிப்புமாக இருக்கும். கை தானாகச் சோற்றுப் பாத்திரத்துக்குப் போகும். எனவே சோற்றைக் குறைக்கிற அன்றே குழம்பில் உப்பையும் மிளகாய்த் தூளையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துப் பாருங்கள். பட்டை, ஏலக்காய், சோம்பு, இஞ்சி, கொத்தமல்லி எதையும் குறைக்க வேண்டாம். கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் சாப்பிடும் பதத்துக்குக் குழம்பு வந்துவிட்டால் சோறு தொட்டுக்கொள்ளும் பொருளாக மாறிவிடும். ரத்த அழுத்தமும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு லாபம்.

காலியான இடத்தை என்ன செய்வது? காய்தான். கத்திரிக்காய், வெண்டைக்காய், காலிஃபிளவர், பீன்ஸ், கீரை என்று எதையாவது அதே கிரேவியில் போடலாம், பக்கத்தில் பொரியலாக வைக்கலாம். உருளைக்கிழங்கு மட்டும் இந்தக் கணக்கில் காய் இல்லை. 100 கிராம் உருளையில் 17 முதல் 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. குருமாவில் உருளை போட்டால் அந்த அளவு சோற்றைக் கழித்துவிட வேண்டும். பட்டாணி நடுவில் நிற்கும். ஒரு கைப்பிடிக்குக் கவலைப்பட வேண்டாம்.

இந்த வழியின் பலவீனம் கொழுப்பு. கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லியில் 20 கிராம் அளவுக்குக் கொழுப்பு. அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. நாள் ஒன்றுக்குக் கிடைக்கும் மொத்த ஆற்றலில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 22 கிராம். ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால் குழம்பிலேயே அன்றைய பங்கு கிட்டத்தட்டத் தீர்ந்துவிடுகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இதயநோய் அபாயம் ஏற்கெனவே கூடுதல் என்பதால் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் அதிகமாக இருப்பவர் இதைத் தினசரிப் பழக்கமாக்கக் கூடாது. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் என்றால் வேறு.

சோற்றை வைத்துக்கொண்டு குழம்பை இளைக்க வைப்பது

வீடுகளில் அதிகம் நடப்பது இதுதான்; சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையை மட்டும் பார்த்தால் நான்கில் மோசமான பேரமும் இதுதான். மாவுச்சத்து 84 கிராமும் அப்படியே இருக்கிறது. அதன் வேகத்தைக் கொஞ்சமாவது மட்டுப்படுத்திய கொழுப்பைத்தான் எடுத்துவிட்டோம். குழம்பு நீர்த்துப்போனதால் சோற்றில் இன்னும் நிறைய ஊற்றிக்கொள்கிறோம், வயிறு நிரம்பாததால் இன்னொரு கரண்டி சோறும் போட்டுக்கொள்கிறோம்.

ஆனாலும் இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4-தான். உடல் எடை அதிகமுள்ளவருக்கு எடை குறைவதே சர்க்கரைக்கு ஒரு வைத்தியம். பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வின் முதல் முடிவுகள் 2017-இல் வந்தன. கடுமையான குறைந்த கலோரி உணவில் எடையைக் குறைத்த டைப் 2 நோயாளிகளில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் நோய் பின்வாங்கியிருந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் இது 86 சதவீதம். அவர்கள் சாப்பிட்டது குழம்பே இல்லை, கலக்கிக் குடிக்கும் மாற்று உணவு. அதனால் இதைக் குருமாவுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடை குறைய வேண்டியவர் எண்ணெயையும் குறைக்கத்தான் வேண்டும், சோற்றைக் காப்பாற்றுவதற்காக அதைச் செய்யக் கூடாது, அவ்வளவுதான்.

ஆளை மாற்றுவது: சப்பாத்தி, சிறுதானியம், பாசுமதி

சர்க்கரைக்காரர் இரவில் சப்பாத்திதான் சாப்பிட வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். 30 கிராம் கோதுமை மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் மாவுச்சத்து சுமார் 20 கிராம். மூன்று சப்பாத்தி என்றால் 60. அது 200 கிராமுக்கு மேல் சோறு சாப்பிட்டதற்குச் சமம். நார்ச்சத்து கூடுதல் என்ற நன்மை உண்டு. எண்ணிச் சாப்பிட வசதி என்ற நன்மை அதைவிடப் பெரியது: சோறு கரண்டி கரண்டியாக நழுவி விழும், சப்பாத்தியை எண்ணித்தான் போட வேண்டும். ஆனால் கெட்டிக் குருமாவுக்கு ஐந்தாறு சப்பாத்தி போகிறது என்றால் சட்டத்தால் பலனில்லை. மைதாவில் செய்த நான் ரொட்டியும் பரோட்டாவும் இந்தப் போட்டிக்கே வர வேண்டாம்; பெரிய நான் ரொட்டி ஒன்றிலேயே 45 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கும்.

சிறுதானியமும் மாவுச்சத்துதான். முழுதாக வேகவைத்தால் மெதுவாகச் செரிக்கும். மாவாக அரைத்துக் கூழாகவோ கஞ்சியாகவோ குடித்தால் அந்த மெதுவான குணம் பெரும்பாலும் போய்விடும்.

அரிசிகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. ஓர் உணவு சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று அளக்கும் கிளைசெமிக் இண்டெக்ஸை 1981-இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கொண்டுவந்தார்கள். 55 வரை குறைவு, 70-உம் அதற்கு மேலும் அதிகம். அமைலோஸ் என்ற மாவுப்பொருள் அதிகமுள்ள அரிசி பொலபொலவென்று வேகும், மெதுவாகச் செரிக்கும். பாசுமதி பெரும்பாலும் 50-களில் நிற்பது அதனால்தான். ஒட்டிக்கொண்டு குழையும் அரிசிகள் 70-ஐத் தாண்டிப் போகும். புழுங்கலரிசி பச்சரிசியைவிடப் பொதுவாகத் தேவலை. சோற்றைக் குழைய விடாமல் பதமாக வடிப்பதும் கொஞ்சம் உதவும்.

வடித்த சோற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால், மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறி ஏற்றம் சற்றுக் குறையும் என்பதும் உண்மைதான். ஆனால் வெளியில் வெகுநேரம் கிடந்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும். அது விடும் நச்சு சூடாக்கினாலும் போகாது. வடித்த ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைக்க முடிந்தால் மட்டும் இதில் இறங்கலாம்.

இந்த மூன்றாவது வழி, முதல் வழிக்குத் துணையாக வந்தால் நல்லது. தனியாக வந்தால், அளவைத் தொடாமல் பெயரை மட்டும் மாற்றியதாகத்தான் முடிகிறது. காலிஃபிளவரைத் துருவிச் சோறுபோல் வதக்குவது மட்டும் விதிவிலக்கு: 100 கிராமில் 5 கிராம்தான். தேங்காய்ப்பால் குழம்போடு நன்றாகவே சேரும். வற்றல் குழம்போடு எனக்குச் சேரவில்லை.

வரிசையும் நடையும்

செலவே இல்லாத வழி. நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-இல் ஒரு சின்ன ஆய்வு, 11 பேரை வைத்து. ஒரே சாப்பாடுதான், ஒரு நாள் மாவுச்சத்தை முதலில் சாப்பிட்டார்கள், இன்னொரு நாள் காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்து மாவுச்சத்து. இரண்டாவது முறையில் ஒரு மணி நேரத்துச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. ஆட்கள் குறைவு என்றாலும் வித்தியாசம் பெரியது. நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வு 2016-இல் வந்தது: நாளில் ஏதாவது ஒரு நேரத்தில் அரை மணி நேரம் நடப்பதைவிட, ஒவ்வொரு வேளையும் சாப்பிட்ட பிறகு 10 நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைந்தது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம்.

குழம்பில் இந்த வரிசையைப் பின்பற்றுவது முதலில் விநோதமாகத் தோன்றும். எல்லாவற்றையும் பிசைந்து சாப்பிட்டே பழகிய கை. கோழித் துண்டையும் காயையும் கிரேவியோடு ஒரு கிண்ணத்தில் எடுத்து முதலில் முடித்துவிட்டு, மீதிக் கிரேவியைக் கடைசியில் சோற்றில் ஊற்றிக்கொள்ளலாம். உப்பைக் குறைக்கச் சொன்னது இங்கேயும் கைகொடுக்கும்.

எந்த கிரேவி?

சோற்றின் அளவு முடிவானதும் அடுத்த கேள்வி இது. வெங்காயம் தக்காளி வதக்கிய கிரேவிதான் தினப்படிக்கு நல்லது. எண்ணெயை நாம் ஊற்றுகிற அளவு மட்டும்தான் அதில் ஆபத்து. முந்திரி, தேங்காய், கிரீம் மூன்றிலும் சர்க்கரை அளவு பெரிதாக மாறாது, கலோரியும் கொழுப்பின் வகையும்தான் மாறும். முந்திரியின் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாத வகை, ஆகவே கிரீமைவிட அது மேல். தோல் உரித்த பாதாமை அரைத்தால் மாவுச்சத்து இன்னும் குறைவு, கெட்டித்தன்மை கிட்டத்தட்ட அதே. வெள்ளரி விதையும் கசகசாவும் பால் நிறத்தில் நன்றாக இழையும். பொட்டுக்கடலை அரைத்து ஊற்றுபவர்கள் அதில் பாதிக்கு மேல் மாவுச்சத்து என்பதை நினைவில் வைத்தால் போதும். ஒரு மேசைக்கரண்டி ஒன்றும் செய்யாது.

தேங்காய்ப்பால் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரு கைப்பழக்கம் போதும். இரண்டாம் பாலில் காயையும் இறைச்சியையும் வேகவிட்டு, அடுப்பை அணைக்கும் நேரத்தில் முதல் பால் ஒரு கரண்டி மட்டும் விட்டு, கொதிக்க விடாமல் இறக்க வேண்டும். நாக்கில் முதலில் படுவது மேலாக நிற்கும் அந்தக் கெட்டிப் பாலின் மணம்தான். முழுக் குழம்பையும் முதல் பாலில் கொதிக்கவிட்டால் மணமும் போகும், பால் திரிந்து எண்ணெயும் பிரியும்.

எனக்குப் பிடித்த சமரசம் கெட்டித் தயிர். கொழுப்பு குறைவு, புரதம் கொஞ்சம் உண்டு, புளிப்பு செறிவைக் கூட்டிக் காட்டும். திரிந்துவிடும் என்ற பயம் இருந்தால் தயிரோடு ஒரு தேக்கரண்டி கடலைமாவு சேர்த்து நன்றாக அடித்து, அடுப்பைத் தணித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளற வேண்டும். கொண்டைக்கடலை, ராஜ்மா குழம்புகள் தனி இனம்: வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 27 கிராம் மாவுச்சத்து இருந்தாலும் நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்திருப்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். ஒரு கிண்ணம் கடலைக் குழம்பு இருக்கும்போது சோறு பெயருக்கு இருந்தால் போதும்.

ஓட்டலில் இந்தக் கணக்கெல்லாம் நம் கையில் இல்லை. பொதுவான கிரேவிகளில் முந்திரி விழுது, வெண்ணெய், கிரீம் தாண்டிச் சர்க்கரையும் சோளமாவும் சேர்வது உண்டு. தித்திப்பு நாக்கில் தெரிந்தால் கிரேவியை விட்டுத் துண்டுகளை எடுத்துக்கொள்வது நல்லது. வெந்தயம், பட்டை எல்லாம் சர்க்கரையைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொள்ள வேண்டாம். வெந்தயத்தில் கரையும் நார்ச்சத்து இருக்கிறது, உண்மைதான். தாளிப்பில் விழும் பத்துப் பதினைந்து வெந்தயம் என்ன செய்துவிடும்?

மாத்திரையும் மிஷினும்

சோற்றைத் திடீரென்று பாதியாக்குவதற்கு முன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு மாவுச்சத்து சட்டென்று குறைந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போய் வேர்த்து நடுங்கலாம். மருந்தளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் கீட்டோஅசிடோசிஸ் என்ற ஆபத்தான நிலை வர வாய்ப்பு உண்டு. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர் சோற்றின் இடத்தில் இறைச்சியைக் கூட்டும் முன்பு கேட்டே ஆக வேண்டும்.

அப்புறம், எல்லா உடம்பும் ஒரே சாப்பாட்டுக்கு ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இரண்டு இரவுகளை ஒதுக்கி, ஒரே குருமாவை வெவ்வேறு அளவு சோற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள். சாப்பிடும் முன்பு ஒருமுறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை, செறிவான குழம்பு என்பதால் நான்கு மணி நேரத்தில் இன்னொருமுறை. பெரும்பாலான பெரியவர்களுக்கு அமெரிக்க நீரிழிவு சங்கம் சொல்லும் இலக்கு, சாப்பிடத் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் 180-க்குக் கீழே. உங்கள் டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. இரண்டு மணி நேரத்து எண் அதிகமாக இருந்தால் அடுத்த முறை இன்னும் ஒரு கரண்டி சோற்றைக் குறையுங்கள். அது ஒழுங்காக இருந்து நான்கு மணி நேரத்து எண் அதற்கு மேல் ஏறியிருந்தால் சோற்றைத் தொட வேண்டாம். தேங்காய்ப்பாலிலோ எண்ணெயிலோ கைவையுங்கள், அல்லது அந்தக் குழம்பை மதியத்துக்கு மாற்றுங்கள்.